கேளுங்கள், சொல்கிறேன்: நடுக்கடலில் மாறும் சட்டம்

(ராமேஸ்வரம், மண்டபம் கடற்கரையில் பல வருடம் சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

போதைப்பொருளுக்கு இந்தியா ஒரு சட்டம், இலங்கை ஒரு சட்டம் வைத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே சட்டம் போட்டால் கடத்தல் நின்றுவிடாதா?
— வாசகி, பரமக்குடி

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன் அம்மா. சரி, ஹெராயினை மட்டும் எடுத்துக்கொள்வோம். இங்கே 5 கிராமுக்குள் இருந்தால் ‘சிறிய அளவு’, ஓராண்டு வரை சிறை. 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. முதல் தடவை பிடிபட்டவருக்குத் தூக்கு என்ற பேச்சே கிடையாது. இலங்கையில் 1984ல் திருத்திய சட்டப்படி 2 கிராம் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கொடுக்கலாம். 1976க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும், தீர்ப்பு தீர்ப்புதானே. 2014 அக்டோபரில் நம் மீனவர்கள் 5 பேருக்குக் கொழும்பில் மரண தண்டனை விதித்தபோது ராமேஸ்வரம் கொந்தளித்தது ஞாபகம் இருக்கும். அடுத்த மாதமே அந்நாட்டு ஜனாதிபதி தண்டனையை ரத்து செய்ய, ஐவரும் வீடு திரும்பினார்கள். அவர்களை மீட்டது ஒரே சட்டம் இல்லை, இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி மாத்திரைகள். பிரீகாபலின் என்று ஒன்று. நரம்பு வலிக்கு டாக்டர் எழுதித் தருவது. இலங்கையில் பையன்கள் அதை போதைக்காக விழுங்குகிறார்கள். கரையில் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது மருந்து. என் காலத்தில் அது நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வராது. உரிய காகிதம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முயன்றான் என்று சுங்கச் சட்டத்தில் வழக்குப் போடுவோம், ஆள் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிடுவான். இவ்வளவு ஏன், அங்கே இறக்குமதியை நிறுத்திய பிறகு சமையல் மஞ்சளையே மூட்டை மூட்டையாகப் படகில் ஏற்றினார்கள். ஈரோட்டில் மளிகைச் சாமான், நடுக்கடலைத் தாண்டினால் கடத்தல் பொருள்! ஒரே சட்டமெல்லாம் வேண்டாம். ஒரு நாடு புதிதாக ஒரு மாத்திரைக்குத் தடை போட்டால் அடுத்த வாரமே மற்ற நாட்டு அதிகாரியின் மேஜைக்கு அந்தப் பெயர் வரட்டும். எனக்கு அது போதும்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், போதைப்பொருள் தடுப்பு ஒப்பந்தம் போட்டதாகப் படித்தேன். அது என்ன ஆனது?
— வாசகர், காரைக்குடி

1990ல் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கையெழுத்தானது, 1993ல் நடைமுறைக்கு வந்தது. தகவல் திரட்டக் கொழும்பில் ஒரு மையமும் வைத்தார்கள். வாசகங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை. தலைவர்களே கூடாதபோது அதிகாரிகளுக்கு என்ன வேகம் வரும்?

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது?
— வாசகர், தூத்துக்குடி

குறிப்பிட்ட ஒரு படகைப் பற்றிய தகவல், அந்தப் படகு கரை சேர்வதற்குள் வர வேண்டும். என் காலத்தில் அக்கரைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் கடிதம் இங்கிருந்து மேலிடம் போய், டெல்லி போய், கொழும்பு போய், வந்த வழியே திரும்ப வேண்டும். பதில் வரும்போது படகு கரையேறி வலையும் காய்ந்திருக்கும்.

2024 நவம்பரில் அரபிக்கடலில் நடந்ததைப் பாருங்கள். தகவல் கொடுத்தது இலங்கைக் கடற்படை. தேடியது நம் கடற்படையின் விமானங்கள். குருகிராமில் உள்ள கடல்சார் தகவல் மையமும் உதவியது. 2 படகுகளில் சுமார் 500 கிலோ ‘ஐஸ்’ (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) சிக்கியது. படகு, ஆட்கள், சரக்கு மூன்றையும் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். 2021 மார்ச்சில் கேரளக் கடலுக்கு அப்பால் ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் 5 ஏகே-47 துப்பாக்கிகளும் பிடிபட்டன. அந்த வழக்கு இங்கே என்ஐஏவிடம் (தேசியப் புலனாய்வு முகமை) போனது. சரக்கைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. வழக்கு யாருக்கு, சாட்சி எந்த ஊர் கோர்ட்டில் நிற்பது என்பதில்தான் பல வழக்குகள் சோர்ந்துபோகும்.

இங்கே பத்திரிகைகளில் எப்போதும் ‘கேரள கஞ்சா’ என்றே எழுதுகிறார்கள். உண்மையிலேயே கேரளாவில் இருந்தா வருகிறது?
— வாசகர், மன்னார், இலங்கை

பெரும்பாலும் ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகளில் இருந்து, தம்பி. லாரியிலும் காரிலும் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, ராத்திரி படகேறி உங்கள் பக்கம் வருகிறது. கேரளாக்காரர்கள் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். உங்கள் ஊரில் அந்தப் பெயரை முதலில் வைத்தது யாரென்று தெரிந்தால் எழுதுங்கள், எனக்கும் பல வருடமாக அந்தச் சந்தேகம் உண்டு.