லேசான கூரையா, கனமான கூரையா?

"நிலநடுக்கத்துக்கு லேசான கூரை நல்லது, புயலுக்குக் கனமான கூரை நல்லது என்கிறார்கள். இரண்டும் வரும் இடத்தில் எதைப் போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். லேசானதையே போடுங்கள், ஆனால் இறுக்கிக் கட்டுங்கள்.

நிலம் அதிரும்போது கட்டடத்தின் மேல் வரும் விசை அதன் எடையைப் பொறுத்தது. உச்சியில் கனம் கூடக்கூட, சுவர்கள் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசையும் கூடும். காற்று வேறு மாதிரி. பெரும்பாலும் அது கூரையை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்கு. ஓரங்கள், மூலைகள், முகடு ஆகிய இடங்களில் இழுப்பு மிக அதிகம்; அங்கே திருகாணிகளை நெருக்கிப் போட வேண்டும். ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்தும் தள்ளும். பல கூரைகள் பறப்பது அப்படித்தான்.

ஆகவே கூரைத் தகடு அதைத் தாங்கும் சட்டத்தோடும், சட்டம் சுவர் உச்சியைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பீமோடும், பீம் கம்பிகள் வழியாக அஸ்திவாரத்தோடும் எங்கும் அறுபடாமல் பிணைந்திருக்க வேண்டும். வெறும் ஆணி உருவிக்கொள்ளும்; இரும்புப் பட்டையோ போல்ட்டோ போடுங்கள். நிலநடுக்கத்தில் சுவர்கள் தனித்தனியாகப் பிரிந்து விழாமல் காப்பதும் இதே பிணைப்புதான்.

நாற்புறமும் சரியும் கூரை, இருபுறம் மட்டும் சரிவதைவிடக் காற்றை நன்றாகச் சமாளிக்கும்.

கான்கிரீட் தூண் என்றால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் நுனிகளை 135 பாகை உள்நோக்கி வளைக்க வேண்டும். 90 பாகையில் விட்டால், குலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும். நீளக் கம்பிகள் பிதுங்கித் தூண் நொறுங்கும்.