சப்பாத்தியை நிறுத்தினால் புழுவெட்டு குணமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 34, பள்ளி ஆசிரியை. ஆறு மாதங்களுக்கு முன் பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாக முடி கொட்டியது. தோல் மருத்துவர் ‘அலோபீசியா ஏரியேட்டா’, அதாவது புழுவெட்டு என்று கூறி, அந்த இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். ஸ்டீராய்டு என்றதும் பயந்து வந்துவிட்டேன். உடலில் அழற்சியைக் குறைக்கும் உணவுமுறை என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மூன்று மாதங்களாகக் கோதுமை, பால், சர்க்கரை, தக்காளி, கத்தரிக்காய் அனைத்தையும் நிறுத்திவிட்டேன். ஏழு கிலோ எடை குறைந்திருக்கிறது. வட்டத்துக்குள் மெல்லிய வெள்ளை முடி முளைத்திருக்கிறது. ஆனால், வாரும்போது தலை முழுவதும் முன்பைவிட அதிகமாக முடி கொட்டுகிறது. இந்த உணவுமுறையைத் தொடரலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெள்ளை முடியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். புழுவெட்டில் மீண்டும் முளைக்கும் முடி பெரும்பாலும் முதலில் நிறமில்லாமல்தான் வரும், பிறகு கறுக்கும். ஆனால், அது முளைத்ததற்குச் சப்பாத்தியை நிறுத்தியதுதான் காரணம் என்று சொல்ல என்னால் இயலாது. பெயரில்தான் புழு இருக்கிறதே தவிர, இந்த நோயில் புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்குகின்றன. வேர் அழிவதில்லை என்பதால், ஒன்றிரண்டு வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி முளைத்துவிடுகிறது. சின்ன வெங்காயம் தேய்த்தவருக்கும் முளைக்கும், ஒன்றுமே செய்யாதவருக்கும் முளைக்கும். அந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

கோதுமையின் மீது பழி விழுந்ததற்கு ஓர் அடிப்படை உண்டு. கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருடைய குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். சீலியாக் நோய் உள்ள சிலருக்குப் புழுவெட்டும் இருப்பதையும், குளூட்டனை நீக்கிய பிறகு அவர்களில் சிலருக்கு முடி வளர்ந்ததையும் 1995-ல் இத்தாலிய மருத்துவர்கள் பதிவு செய்தனர். அந்தப் பலன் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு உரியது. அந்நோய் இல்லாதவருக்குக் கோதுமையை விலக்குவதால் முடி வளரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கோதுமை அதிகம் உண்ணும் வட இந்தியாவோடு ஒப்பிட்டால், தென்னிந்தியாவில் சீலியாக் நோய் அரிது.

நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், மாத்திரை சாப்பிட்டும் தீராத இரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் – இவற்றில் ஏதேனும் இருந்தால், சீலியாக் நோயைக் கண்டறிய உதவும் டி.டி.ஜி. எதிரணு இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. ஆனால், அதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்திருக்க வேண்டும். மூன்று மாதங்களாக நிறுத்திவிட்ட நிலையில், நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். ஆகவே, மருத்துவர் சொல்லும்படி சில வாரங்கள் தினமும் சப்பாத்தி சாப்பிட்ட பிறகே பரிசோதிக்க வேண்டியிருக்கும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று: நீங்கள் உண்மையிலேயே குளூட்டனை நிறுத்தியிருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. ரவை, சேமியா இரண்டும் பெரும்பாலும் கோதுமைதான். சீலியாக் நோய் இருப்பவருக்கு அந்தச் சிட்டிகைப் பெருங்காயமும் கணக்கில் வரும். இல்லாதவருக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் வேண்டாம். அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது என்பதால், விலை உயர்ந்த ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டுகளை வாங்கவும் அவசியமில்லை.

தலை முழுவதும் முடி கொட்டுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. உடல் எடை வேகமாகக் குறைந்தால், ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிரும். உங்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் அதுவே. அதாவது, முடிக்காக இருந்த பத்தியமே முடியைக் கொட்டச் செய்திருக்கிறது. பால், தயிர், தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றில் உங்களுக்குப் பழக்கமானதைத் தாராளமாக உண்ணுங்கள். அழற்சியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் மஞ்சளும் குழம்பில் போடும் அளவே போதும். மஞ்சள் சத்து மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் சேமிப்பு), தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அது தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், சில நாள்கள் முன்பே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஊசியைப் பற்றிய அச்சம் சற்று மிகையானது. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் மட்டும் துளித்துளியாகச் செலுத்துவார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். தோல் சற்றுக் குழிந்து போகலாம், பெரும்பாலும் அது சரியாகிவிடும். ஏற்கெனவே முடி முளைத்து வருவதால், இப்போது ஊசி தேவையா என்பதையே மருத்துவரிடம் மறுபடி கேட்கலாம். 2022-ல் அமெரிக்காவில் புழுவெட்டுக்கு ஒப்புதல் பெற்ற பாரிசிட்டினிப் மாத்திரை, தலையின் பெரும்பகுதியில் முடி இழந்தவர்களுக்கானது, உங்களுக்கு அல்ல.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கும் தலையில் வட்டமாக முடி கொட்டியிருக்கிறது, செதில் உதிர்கிறது, அரிக்கிறது. பரோட்டாவை நிறுத்தினால் போதும் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: புழுவெட்டு விழுந்த இடம் வழக்கமாக வழவழப்பாக இருக்கும். செதிலும் அரிப்பும் இருந்தால், குழந்தைகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பூஞ்சைத் தொற்றையே. மேலே பூசும் களிம்பு மட்டும் அதற்குப் போதாது. சில வாரங்கள் உள்ளுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவனுடைய சீப்பையும் துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்திருங்கள்.