இசை நாடக ஆய்வும் உதவித்தொகையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவள் நான். தமிழ் முதுகலை முடித்திருக்கிறேன். இசை நாடகக் குழுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. பக்கத்து ஊர்க் கல்லூரியின் ஆய்வு மையத்தில் இடம் தருகிறார்கள், உதவித்தொகை கிடையாது. அங்கே நூலகத்தில் இந்தத் தலைப்புக்குப் பத்துப் புத்தகம்கூட இல்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில், ஜே.ஆர்.எஃப். என்னும் அந்த உதவித்தொகை சில மதிப்பெண்களில் தவறிவிட்டது. ‘முதலில் பதிவு செய்துகொள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். சேரட்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இந்த ஆண்டு சேர வேண்டாம். நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. சில மதிப்பெண்களில் விட்டதை அடுத்த முறை பிடித்துவிடலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30 என்று அஞ்ச வேண்டாம், பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. அதற்கான தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது.

பணம் இல்லாமல் பதிவு செய்தவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கல்லூரி வேலை, நாள் முழுக்க வகுப்பு, இரவில் விடைத்தாள். சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்கிப் படிக்க விடுப்பும் இல்லை, கையில் காசும் இல்லை. கடைசியில் பழைய ஆய்வேடுகளிலிருந்து வெட்டி ஒட்டி ஒப்பேற்றுகிறார்கள். நல்ல மூளைகள் இப்படி வீணாவது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் தலைப்புக்கான சரக்கு எந்தக் கல்லூரி நூலகத்திலும் இருக்காது. அது உங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. இப்போது தரமணியில் இருக்கிறது. பிறர் குப்பை என்று எறிந்த நாடக நோட்டீசுகளையும் அவர் சேர்த்தார். ஒரு நோட்டீசைக் கையில் எடுத்தால் கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு அடிப்பகுதியைப் படியுங்கள். நாற்காலிக்கு என்ன கட்டணம், பெஞ்சுக்கு என்ன, தரைக்கு என்ன, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். யார் பார்த்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டியிருந்தது. அதனால் காலாண்டுதோறும் பட்டியல் வெளியானது. ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை மட்டுமல்ல, எத்தனை பிரதிகள் அச்சானது என்பதுகூட அதில் உண்டு. நாடகப் பாட்டுப் புத்தகங்கள் எந்த ஊரில், எந்த ஆண்டில் எத்தனை ஆயிரம் அச்சாயின என்று அங்கே எண்ணலாம். தமிழ்த்துறைகளில் இதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அது பெரிய வருத்தம். ஆனால் காப்பகத்தில் உங்கள் நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். பதிவு செய்தபின் போகலாம். தரமணிக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் இப்போதே போகலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே பார்த்துவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். வந்தபின் சில்லறைச் செலவு நிதியை விட்டுவிடாதீர்கள். கலைப் பாடங்களுக்கு முதல் 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500. நகல் எடுக்கவும் களப்பயணம் போகவும் அது உங்களுக்கு உரிய பணம். துறைத்தலைவரிடம் கெஞ்சிப் பெறுவதல்ல. பில்லைப் பத்திரமாக வைத்திருந்து கேட்டு வாங்குங்கள்.

இப்போதைக்கு எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான நெட் முதல் தாளில் கவனம் வையுங்கள். தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான். 50 கேள்வி, 100 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். தேர்வு முடிந்ததும் தெரிவியுங்கள், தரமணியில் எதிலிருந்து தொடங்கலாம் என்று விரிவாக எழுதுகிறேன்.