ஏஎஸ்/400-இலிருந்து கோப்பைப் பத்திரமாக அனுப்ப: கேள்வி பதில்

கும்பகோணம்: எங்கள் நிதி நிறுவனத்தில் இன்னும் ஐபிஎம்மின் பழைய வணிகக் கணினியான ஏஎஸ்/400 தான் ஓடுகிறது சார். தினமும் ராத்திரி வங்கிக்கு எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் கோப்பு போகிறது. இனி அது கூடாது என்கிறார்கள். எதற்கு மாறலாம்?

அவர்கள் சொல்வது சரிதான். சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டுகூட மறைப்பே இல்லாமல் போகிறது. மாற்று இரண்டு: எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி. பெயரில்தான் ஒற்றுமை. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் போர்த்தியது. சான்றிதழ் வேண்டும்; தரவுக்குத் தனி போர்ட் திறப்பதால் ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டும். எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக 22 என்ற ஒரே போர்ட்டில் வேலையை முடித்துவிடும். வங்கி இரண்டையும் ஏற்றால் எஸ்எஃப்டிபியை எடுங்கள். ஐபிஎம் தரும் 5733-எஸ்சி1 புரோகிராமிலேயே அதற்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் இருக்கிறது, தனிக் கட்டணம் இல்லை.

மன்னார்குடி: ராத்திரி ஜாபில் பாஸ்வேர்டை எப்படிக் கொடுப்பது அண்ணே?

கொடுக்க வேண்டாம் தம்பி, சாவி ஜோடி உருவாக்குங்கள். பொதுச் சாவி வங்கிக்கு, தனிச் சாவி உங்களிடம். தனிச் சாவிக்கு 600, அதன் ஃபோல்டருக்கு 700 என்று உரிமை வையுங்கள், அதாவது உங்கள் யூசரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. பிறர் படிக்க முடிகிற சாவியை எஸ்எஸ்ஹெச் தொடவே தொடாது. இதே காரணத்தால் நான் ஒருமுறை இரண்டு நாள் முழுக்கத் திணறியிருக்கிறேன். அப்புறம், ஜாப் எந்த யூசர் பெயரில் ஓடுமோ அதே பெயரில் முதல் முறை கையால் இணையுங்கள். அப்போது காட்டும் கைரேகையை, அதாவது வங்கி சர்வரின் சாவிக்கான அடையாளக் குறியீட்டை, வங்கிக்குப் போன் போட்டுச் சரிபார்த்துவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். யாரும் செய்யாத வேலை, ஆனால் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

திருவாரூர்: அரிசி ஆலைக் கணக்குக் கோப்பு போய்ச் சேர்கிறது, திறந்தால் கிறுக்கலாக இருக்கிறது. விவசாயி பெயரெல்லாம் தமிழில் வேறு.

ஏஎஸ்/400 எழுத்துகளை எப்சிடிக் என்ற ஐபிஎம்மின் தனிக் குறியீட்டு முறையில் வைக்கும். ஆங்கில ஏ அங்கே ஹெக்ஸ் சி1, வெளியே மற்றக் கணினிகளில் 41. எஃப்டிபி இதைத் தானாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எஸ்எஃப்டிபி பைட்டை அப்படியே தூக்கிப் போடும். அதனால் அனுப்பும் முன்பே ‘காபி டூ இம்போர்ட் ஃபைல்’ கட்டளையால் ஐஎஃப்எஸ் என்ற சாதாரண ஃபோல்டர் பகுதிக்குக் கொண்டுவந்து, எழுத்துக் குறியீட்டு எண்ணான சிசிஎஸ்ஐடியை 1208, அதாவது யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். தமிழ்ப் பெயருக்கு இது மட்டும் போதாது. டேட்டாபேஸ் ஃபீல்டே யூனிகோடாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கான சிசிஎஸ்ஐடி 37-இல் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. சேமிக்கும்போதே போன எழுத்தை அனுப்பும்போது மீட்க முடியாது.

வேதாரண்யம்: பாதியில் லைன் போனால்?

2018 கஜா புயலுக்குப் பிறகு இதைத்தான் தினமும் பட்டோம். தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் போனபின் ரீநேம் செய்யுங்கள். அப்போது அரைக் கோப்பை யாரும் எடுத்துப் பதிவேற்ற மாட்டார்கள்.

தஞ்சாவூர்: எஸ்எஃப்டிபி ஓடுகிறது. பழைய எஃப்டிபியை நிறுத்திவிடலாமா?

நிறுத்துங்கள், ஆனால் இன்றைக்கே வேண்டாம். மாதக் கடைசி ஜாப், வருடக் கடைசி ஜாப் எதுவும் அதை நம்பியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் தானாகத் தொடங்கும் அமைப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐபிஎல் (கிரிக்கெட் அல்ல, ஏஎஸ்/400-ஐ மறுபடி தொடக்குவது) முடிந்ததும் மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கும்.