போருக்குப் பிந்தைய ஜெர்மன் போலீஸ் துப்பாக்கிகள்: முத்திரைகள் பற்றிய கேள்வி பதில்

1945-க்குப் பிறகு ஜெர்மன் போலீசார் பயன்படுத்தி, பின்னாளில் உபரியாக விற்கப்பட்ட துப்பாக்கிகளின் முத்திரைகளைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, போரில் தோற்ற நாட்டுப் போலீசிடம் அமெரிக்க ரிவால்வர் எப்படி வந்தது?

பதில்: 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்ததும் நாடு அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, சோவியத் என நான்கு மண்டலங்களாகப் பிரிந்தது. போலீசாரின் ஆயுதங்களையும் நேச நாடுகள் பறித்துக்கொண்டன. கள்ளச்சந்தையும் கொள்ளையும் பெருகிக் கிடந்த அந்த நாட்களில் கையில் வெறும் தடியோடுதான் ரோந்து போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் கவுன்சில் போலீசுக்கு ஆயுதம் தர அனுமதித்தது. அமெரிக்க மண்டலத்துக்கு அமெரிக்கர்கள் தங்கள் ராணுவக் கிடங்கிலிருந்தே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர்களையும் எம்1 கார்பைன்களையும் கொடுத்தார்கள். சோவியத் மண்டலத்தில் பழைய ஜெர்மன் துப்பாக்கிகளையே பழுது பார்த்துத் திரும்பக் கொடுத்தார்கள்.

அதனால் ஒரு துப்பாக்கி கையில் வந்ததும் "எந்த மண்டலம்?" என்று முதலில் கேளுங்கள். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: என் நண்பரிடம் உள்ள விக்டரி ரிவால்வரில் 'டபிள்யூ.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. வூர்ட்டம்பெர்க்-பாடன் மாநிலப் போலீஸ் என்று விற்றவர் சொன்னாராம். உண்மையா?

பதில்: அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். வால்டெமர் ப்ரோபெர்க் என்று ஒரு அமெரிக்க ராணுவத் தளவாட ஆய்வாளர் இருந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் 'டபிள்யூ.பி.'தான். போர்க்கால ரிவால்வர்களில் அவர் முத்திரை இருப்பது சாதாரணம். இதே போல 'ஜி.ஹெச்.டி.' என்பது கை டுரூரி என்ற இன்னொரு ஆய்வாளரின் முத்திரை. இந்த இரண்டும் ஜெர்மனியில் அடித்தவை இல்லை, துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் முன்பே அடித்தவை.

நண்பரிடம் சொல்லி மற்ற இடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிடியின் அடிப்பக்கத்தில் 'வி' என்ற எழுத்தோடு தொடங்கும் வரிசை எண் இருக்கும். அதே எண் தோட்டா உருளையின் பின்முகத்திலும், குழலின் அடியிலுள்ள தட்டையான பகுதியிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பாகம் மாறியிருக்கிறது. எண் 'எஸ்.வி.' என்று தொடங்கினால், 1944 கடைசியில் சுத்தியலுக்குப் புதிய பாதுகாப்புத் தடுப்பு பொருத்திய பிறகு செய்த துப்பாக்கி. கீழே விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகுதான் அந்த மாற்றத்தைச் செய்தார்கள்.

'.767' என்றும் '3½ டன்' என்றும் பொறித்திருந்தால், அந்தத் துப்பாக்கி பிரிட்டிஷ் சோதனைச் சாலை (துப்பாக்கியை வெடித்துப் பார்த்து முத்திரை போடும் இடம்) வழியாக விற்பனைக்குப் போயிருக்கிறது. அப்போது ஜெர்மன் போலீஸ் கதையை இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: போலீஸ் முத்திரையில் தேதி இல்லை. காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: மாநிலப் பெயரை வைத்துக் கணிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் இதற்கு அரசாங்க ஆணைகளே சாட்சி. வூர்ட்டம்பெர்க்-பாடன் என்ற மாநிலம் 1945-இல் உருவாகி, 1952 ஏப்ரலில் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் கலந்து மறைந்துவிட்டது. அந்தப் பெயர் பொறித்த துப்பாக்கி என்றால் முத்திரை அந்த ஏழு ஆண்டுகளுக்குள் விழுந்தது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா 1946 ஆகஸ்டில் பிறந்தது, லோயர் சாக்சனி அதே ஆண்டு நவம்பரில். எனவே 'என்.ஆர்.டபிள்யூ.' என்ற முத்திரை 1946-க்கு முன் விழுந்திருக்கவே முடியாது. பிரஷியாவை 1947 பிப்ரவரியில் சட்டப்படி கலைத்துவிட்டார்கள், ஆகவே பிரஷியப் போலீஸ் முத்திரை என்றால் பழைய காலத்தது.

ஒரு எச்சரிக்கை. இது முத்திரையின் காலம் மட்டும்தான். துப்பாக்கி அதற்குப் பத்து ஆண்டு முன்பே செய்யப்பட்டிருக்கலாம்.

கேள்வி: சாம்பல் நிறப் பி38 பிஸ்டல், 'எஸ்.வி.டபிள்யூ. 46' குறியீடு, பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம். போலீஸ் துப்பாக்கியா?

பதில்: 'எஸ்.வி.டபிள்யூ.' என்பது ஓபெர்ன்டார்ஃப் ஊரிலிருந்த மௌசர் தொழிற்சாலையின் குறியீடு. அந்தத் தொழிற்சாலை பிரெஞ்சு மண்டலத்துக்குள் விழுந்தது. மிச்சமிருந்த பாகங்களை வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் 1946 வரை பி38 செய்தார்கள். நட்சத்திரம் அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம். பெரும்பாலும் பிரெஞ்சுப் படைகளே பயன்படுத்தின. போலீஸ் என்று சொல்ல வேறு முத்திரை வேண்டும்.

கேள்வி: 'பி.எம்.ஐ.' என்று எண்ணோடு இருக்கிறதே, அது என்ன சார்?

பதில்: மத்திய உள்துறை அமைச்சகத்தின் சுருக்கம். 1951-இல் தொடங்கிய எல்லைக் காவல் படை அதன் கீழ்தான் வந்தது. 2005-இல் அந்தப் படைக்கு மத்திய போலீஸ் என்று பெயர் மாறியது. அவசரமாக ஆயுதம் தேவைப்பட்டதால், கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் வாங்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து சிக் பி210-4 பிஸ்டல் வந்தது. அதன் வரிசை எண் 'டி' எழுத்தில் தொடங்கும்.

இதில் அஸ்ட்ரா 600 கதை தனி. ஸ்பெயினில் கெர்னிகா ஊரில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த பிஸ்டல் அது. 1944-இல் பத்தாயிரத்துக்கும் மேல் கைமாறிய பிறகு, ஜெர்மன் படைகள் பிரான்ஸ் எல்லையை விட்டுப் பின்வாங்கியதால் மிச்சம் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டது. போருக்குப் பிறகு அதில் ஒரு பகுதியை மேற்கு ஜெர்மனி வாங்கிக்கொண்டது. ஹிட்லர் ராணுவத்துக்கென்று செய்த பிஸ்டல், புதிய குடியரசின் காவலர் இடுப்பில் ஏறியது!

கேள்வி: சிக் பி6 பிஸ்டல் ஒன்றில் கழுகும், ஒரு இலையும், பக்கத்தில் 'ஐ.ஏ.' என்ற எழுத்தும் இருக்கின்றன. யாருடைய பெயர் அது?

பதில்: பெயர் இல்லை, அது ஆண்டு. ஜெர்மன் சோதனைச் சாலைகள் எண்ணுக்குப் பதில் எழுத்து போடுவது உண்டு. ஏ என்றால் 0, பி 1, சி 2, டி 3, இ 4, எஃப் 5, ஜி 6, ஹெச் 7, ஐ 8. ஜே-வை விட்டுவிட்டு கே 9. ஆக 'ஐ.ஏ.' என்றால் 80, அதாவது 1980. அந்த இலை கீல் நகரச் சோதனைச் சாலையின் சின்னம். பி6 செய்த எக்கெர்ன்ஃபோர்டே தொழிற்சாலைக்குப் பக்கம் அது. மான் கொம்பு இருந்தால் உல்ம், சின்னத் துறவி உருவம் இருந்தால் மியூனிக்.

ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) வலது பக்கம் '10/80' போல மாதமும் ஆண்டும் இருக்கும். இரண்டு ஆண்டுகளும் நெருக்கமாக வருகின்றனவா என்று பாருங்கள். நெடுநாள் இடைவெளி இருந்தால் ஸ்லைடு மாறியதா என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: லூகர் பிஸ்டலில் சூரியன் மாதிரி ஒரு முத்திரை, பிடியில் வட்டத்துக்குள் வட்டம். கிழக்கு ஜெர்மனியா?

பதில்: ஆமாம், அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கிழக்கு ஜெர்மன் மக்கள் போலீஸ்தான். கதிர் விரிக்கும் அந்த முத்திரை பழுது பார்த்ததைக் காட்டும். பிடி கருப்பு பிளாஸ்டிக்கில் புதிதாகச் செய்தது. பிடியைக் கழற்றி மாற்றுவது சுலபம் என்பதால், அதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.

கேள்வி: போலி முத்திரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இருட்டறையில் ஒரு சின்ன டார்ச்சைத் துப்பாக்கியின் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டிப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளம், ஓரத்தில் எழும்பிய உலோகம் எல்லாம் நிழலோடு தெளிவாகத் தெரியும். பூச்சுக்கு முன் அடித்த முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் இருக்கும். பூச்சுக்கு மேல் அடித்திருந்தால் எழுத்தின் ஓரத்தில் பூச்சு உடைந்திருக்கும், ஆனால் எழுபது ஆண்டில் அந்த உடைந்த இடமும் மங்கிப் போயிருக்க வேண்டும். பழைய துப்பாக்கியில் 'போலீஸ்' என்ற எழுத்து மட்டும் பளபளவென்று மின்னினால், விலையை ஏற்றுவதற்காக நேற்று அடித்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஓரம் தொட்டால் கூர்மையாகக் கையில் உறுத்தும்.

அப்புறம், தயவு செய்து துருவைப் போக்குகிறேன் என்று உப்புத்தாள் எடுக்காதீர்கள். மெல்லிய முத்திரை அதோடு போய்விடும். ஒரு காவலர் அதை வைத்திருந்தார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம்.

கேள்வி: ஆவணம் எங்கே கிடைக்கும்?

பதில்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் வரிசை எண் கொடுத்தால், எந்தத் தேதியில் எங்கே அனுப்பினார்கள் என்று கடிதம் தருவார்கள். ஆனால் அது அமெரிக்கக் கிடங்கோடு நின்றுவிடும், ஜெர்மனிக்கு வந்த கதை அதில் இருக்காது. அந்தப் பகுதிக்கு அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அவை மேரிலாண்டில் காலேஜ் பார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில், 260-ஆம் தொகுப்பில் உள்ளன. மத்திய உள்துறையின் கோப்புகள் கோப்ளென்ஸ் நகரில் மத்திய ஆவணக் காப்பகத்தில், பி 106 என்ற தொகுப்பில் இருக்கின்றன. கேட்டு எழுதும்போது முத்திரையின் படத்தையும் முழு வரிசை எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பரணில் பழைய பிஸ்டல் ஒன்று கிடைத்தது. முத்திரையைப் படம் எடுக்கவா?

பதில்: தொடாதீர்கள் தம்பி. உள்ளே தோட்டா இருக்கலாம், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது அங்கே குற்றமும்கூட. உடனே போலீசைக் கூப்பிடுங்கள்.