வெயில் ஊர் முகாமில் இளம் சைக்கிள் வீரர்கள்: கேள்வி பதில்

குளிர் நாட்டுக் கிளப்புகள் பந்தயக் காலம் தொடங்குமுன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஸ்பெயினின் தீவுகளான மயோர்க்கா, கிரான் கனாரியா என்று வெயில் தேடிப் போவது வழக்கம். அப்படி 14 வயது முதல் 18 வயது வரையான ஓட்டுநர்களைப் பல ஆண்டுகளாக அழைத்துப் போய்வரும் கோச் ஒருவர், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.

கேள்வி (முதல்முறை முகாம் நடத்தும் பயிற்சியாளர்): ஏழு நாள் முகாம். எங்கள் பிள்ளைகள் வழக்கமாக வாரம் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர்கள். முகாமில் எவ்வளவு ஓட்ட விடலாம்?

பதில்: பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நல்ல வெயில், நல்ல சாலை, இருபது மணி நேரம் ஓட்டினால் என்ன" என்று மூன்றாம் நாள் உங்களுக்கே தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் முகாமில் ஐந்து நாள் விடாமல் ஓட்ட வைத்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓட்டினார்கள், வழியில் வந்த ஊர்ப் பலகை ஒவ்வொன்றுக்கும் பந்தயம் போட்டார்கள். ஊர் திரும்பிய பத்து நாளில் பாதிப் பேருக்குச் சளி, காய்ச்சல். முதல் பந்தயத்தில் நான்கு பேர் கிளம்பவே இல்லை. இந்த வயதில் சோர்வு முகத்தில் தெரியாது, அதுதான் சிக்கல். இப்போது மூன்று நாள் ஓட்டம், நான்காம் நாள் ஓய்வு, மறுபடி இரண்டு நாள் ஓட்டம், கடைசி நாள் மூட்டை கட்டுவது. ஓய்வு நாளில் "சும்மா ஒரு மணி நேரம்" என்று கெஞ்சுவார்கள். விடாதீர்கள்.

கேள்வி (15 வயதுப் பையனின் அம்மா): இங்கே ஐந்து டிகிரி, அங்கே இருபத்தைந்து. வெயிலில் மயங்கி விழுந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா, ஆனால் சமாளிக்கக்கூடியது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அப்புறம் வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும். ஏழு நாள் முகாம் என்றால், உடல் பாதி பழகுவதற்குள் விமானம் ஏறிவிடுவோம். அதனால் முதல் இரண்டு நாள் காலையிலேயே கிளம்பி, பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். பவர் மீட்டர் (பெடலை மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் கருவி) வைத்திருக்கும் பிள்ளைகளிடம் அந்த நாட்களில் வாட் பார்க்காதே, நாடித்துடிப்பைப் பார் என்பேன். அதே வாட்டுக்கு வெயிலில் இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

நான் கவனிப்பது இதைத்தான்: வாயாடிப் பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்துவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், இறங்கியதும் தள்ளாட்டம். அங்கேயே நிறுத்தி நிழலில் உட்கார வைத்துவிடுவேன். குழப்பமும் உடல் கொதிப்பும் சேர்ந்தால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அது வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. குளிர்ந்த நீர்த் தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் மேலே ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. நினைவு தடுமாறும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி (17 வயது ஓட்டுநர்): கோச், மணிக்கு எத்தனை பாட்டில் குடிக்க வேண்டும்?

பதில்: ஆளுக்கு ஆள் மாறும் தம்பி, நீயே அளந்து பார். கிளம்புமுன் எடை பார், திரும்பியதும் துடைத்துக்கொண்டு மறுபடி பார். இரண்டு மணி நேரத்தில் 1.2 கிலோ குறைந்து, நடுவில் ஒரு லிட்டர் குடித்திருந்தால், வெளியே போனது 2.2 லிட்டர், அதாவது மணிக்கு 1.1 லிட்டர். அது அத்தனையையும் ஈடுகட்டத் தேவையில்லை. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறாய். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதும் ஆபத்துதான். நீண்ட ஓட்டத்தில் ஒரு பாட்டிலிலாவது உப்பும் சர்க்கரையும் இருக்கட்டும்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எடையை யார் முன்னாலும் உரக்கப் படிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியிலேயே இருக்கிறது.

கேள்வி (16 வயதுப் பெண்): மலை ஏற்றத்தில் நான்தான் கடைசி. மூன்று கிலோ குறைத்தால் வேகம் கூடுமா?

பதில்: மழுப்பாமல் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மயோர்க்காவின் சா கலோப்ரா ஏற்றம் சுமார் 9.5 கிலோமீட்டர், சராசரி ஏழு சதவீதச் சரிவு. நீயும் சைக்கிளும் சேர்ந்து 64 கிலோ, 200 வாட் தருகிறாய் என்றால் ஏறி முடிக்க ஏறக்குறைய நாற்பது நிமிடம். மூன்று கிலோ குறைந்தால் இரண்டு நிமிடத்துக்குள்தான் லாபம். அந்த மூன்று கிலோவைப் பட்டினி கிடந்து குறைத்து, 200 வாட் 190 ஆகிவிட்டால் லாபம் முழுவதும் போச்சு. பட்டினியில் வாட் குறையத்தான் குறையும்.

அதோடு நிற்காது. செலவாகும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும், காய்ச்சல் அடிக்கடி வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. பையன்களுக்கும் இது வரும், அவர்கள் வாய்திறந்து கேட்பதில்லை, அவ்வளவுதான். எலும்பு சேர்த்துவைக்கும் வயதில் அதைச் செலவழிக்காதே. மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும். "நிறைய ஓட்டுகிறேன், அதனால்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

ஏற்றத்தில் பின்தங்குகிறவர்களில் பலர் உண்மையில் பசியோடு ஓட்டுகிறவர்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, முதல் அரை மணியிலிருந்தே. இதை ஒரு வாரம் செய்துவிட்டு என்னிடம் வா.

கேள்வி (ஒரு தந்தை): சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா?

பதில்: எதுவானாலும் சரி. ஆனால் பிரேக்கைப் பாருங்கள்! பிரிட்டனில் முன்சக்கரப் பிரேக் பெரும்பாலும் வலது கையில். ஸ்பெயினில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளில் பொதுவாக இடது கையில். பழக்கதோஷத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை இறுக்கினால் ஹேண்டிலுக்கு மேலே பறக்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் முதல் நாள் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் பழகட்டும். சீட் உயரத்தை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பெடலையும் சீட்டையும் கொண்டுபோங்கள்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கச் சாலையில் தவறுவது முதல் மணி நேரத்தில் அல்ல, அப்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். ஓரிடத்தில் நிறுத்தி இளைப்பாறிவிட்டு, காலியான சாலையில் மறுபடி கிளம்பும்போதுதான் தவறுவார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலது!" என்று நான் கத்துவதைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கேள்வி (உதவிப் பயிற்சியாளர்): இறக்கத்தில் பயப்படும் பிள்ளையை என்ன செய்வது?

பதில்: வேகமாக இறங்குகிறவன் பின்னால் அனுப்பக் கூடாது, அது முதல் விஷயம். போக்குவரத்து குறைந்த ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே பத்து முறை இறங்க வையுங்கள். கை ஹேண்டிலின் கீழ்ப்பிடியில், வெளிப்பக்கக் கால் கீழே அழுத்தி, பிரேக் வளைவுக்கு முன்பே. கண் வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும். பயந்த பிள்ளை பிரேக்கை இறக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே வரும். சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக்கில் அது சக்கரத்தைச் சுட்டுவிடும். விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏழாவது, எட்டாவது முறையில் தோள் தளர்வது தெரியும். ஒரு முகாமில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

கேள்வி (18 வயது ஓட்டுநர்): ஜூனியர் (17, 18 வயது) பந்தயங்களில் கியர் கட்டுப்பாடு இன்னும் உண்டா?

பதில்: சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ அதை 2023இல் எடுத்துவிட்டது. அதற்கு முன் ஒரு பெடல் சுற்றுக்குச் சைக்கிள் அதிகபட்சம் 7.93 மீட்டர்தான் போகலாம், கிட்டத்தட்ட முன்பல்சக்கரத்தில் 52 பல், பின்னால் 14 பல். சின்னவர்களுக்கு அந்தந்த நாட்டு விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள். கட்டுப்பாடு போய்விட்டது என்று முகாமில் பெரிய கியரை அரைக்காதே, முட்டி தாங்காது.

கேள்வி (முதல் கேள்வி கேட்ட பயிற்சியாளர்): இரவு போன்?

பதில்: ஒன்பதரைக்கு எல்லாப் போனும் ஒரு பெட்டிக்குள், என்னுடைய போன் முதலில். வளரும் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட உதவிப் பயிற்சியாளரின் எண் இருக்கிறது.

கேள்வி (அவரே): திரும்பி வந்ததும்?

பதில்: ஞாயிறு இரவு விமானம், திங்கள் பள்ளி. புதன்வரை சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடுவதோடு நிற்கட்டும். அதற்குப் பின் ஞாயிறுவரை மெதுவான ஓட்டம் மட்டும். அந்த வாரம் அவர்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கொடுத்திருப்பார்.