பல்கலைக்கழக வேலைக்குச் சொந்தக் காரில் போனால் இன்சூரன்ஸ் செல்லுமா?

பெங்களூருவிலிருந்து ராமநகரப் பாறைகளைப் பார்க்கக் கள ஆய்வு. சொந்தக் கார், மூன்று மாணவர்கள், பெட்ரோல் காசு பல்கலைக்கழகம் தரும். விபத்தானால் பாலிசி கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காரின் சேதம், பிறருக்கான இழப்பீடு இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி என்றால் பெரும்பாலும் கொடுக்கும்.

பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். சொந்தத் தேவையோடு உரிமையாளரின் தொழில்சார் பயணமும் வழக்கமாக அதில் அடங்கும். வாடகைக்கு ஓட்டுவது அடங்காது. அலுவலகம் பெட்ரோல் பில்லைத் திருப்பித் தருவது வேறு, மாணவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பது வேறு. வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்தக் காரில் இப்படிக் காசு வசூலிப்பது வேண்டவே வேண்டாம். க்ளெய்மும் போகும், ஆர்டிஓ தொல்லையும் வரும்.

பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி சட்டத்துக்குப் போதும். ஆனால் காருக்குள் ஓசியில் வரும் மாணவருக்கு அதில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். பேக்கேஜ் பாலிசியில் உள்ளே இருப்பவர்களும் அடக்கம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நிறைய பேர் கவனிக்காத ஒன்று: 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும். வழியில் சக பேராசிரியர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு அது கிடையாது. பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும்.

பாறைச் சுத்தியல், முக்காலி எல்லாம் பின்சீட்டில் கிடக்கக் கூடாது. சடன் பிரேக் அடித்தால் முன்னால் இருப்பவர் பின்மண்டையில்தான் வந்து விழும். டிக்கியில் போட்டுக் கட்டுங்கள். பின்சீட்டிலும் பெல்ட். கிளம்பும் முன் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.